இன்ஃபார்ம் 6-இல் ஒரு பொருளை எழுதும்போது வரும் கம்பைலர் பிழைகள்: கண்டறிந்து தீர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

உரைச் சாகச விளையாட்டு எழுதத் தொடங்குபவர்கள் முதலில் ஓர் அறையை எழுதுவார்கள். அது பெரும்பாலும் சிக்கலில்லாமல் கம்பைல் ஆகிவிடும், அதாவது கம்பைலர் என்னும் நிரல் அதை ஓடக்கூடிய விளையாட்டுக் கோப்பாக மாற்றிவிடும். அடுத்து அந்த அறைக்குள் ஒரு பொருளை வைப்பார்கள். பிழைச் செய்திகள் வரிசைகட்டி வரத் தொடங்குவது அங்கேதான். இதற்குக் காரணம் உண்டு. விளையாடுபவர் அந்தப் பொருளைக் குறிக்கத் தட்டக்கூடிய சொற்கள், திரையில் தோன்ற வேண்டிய உரை, பொருளை எடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்லும் ரொட்டீன், ஒளி தருமா திறக்குமா என்பது போன்ற அட்ரிபியூட்டுகள் என்று நான்கு வேறு வகைச் செய்திகள் ஒரே வாக்கியத்துக்குள் அடைபடுகின்றன. நான்குக்கும் நிறுத்தற்குறி மரபு வேறு வேறு. ஆகவே பொருளை எழுதும்போது பிழை வருவது திறமைக் குறைவைக் காட்டுவதில்லை. அந்த மரபுகள் இன்னும் கைக்குப் பழகவில்லை என்பதையே காட்டுகிறது.

இந்த வழிகாட்டி இன்ஃபார்ம் 6 மொழிக்கானது. கிரஹாம் நெல்சன் 1993-இல் வெளியிட்ட இன்ஃபார்ம், இன்ஃபோகாம் நிறுவனத்துக்காக 1979-இல் வடிவமைக்கப்பட்ட இசட்-மெஷின் என்னும் மெய்நிகர் இயந்திரத்தில் ஓடும் கோப்புகளை உருவாக்குகிறது. பின்னர் வந்த குளக்ஸ் என்னும் பெரிய இயந்திரத்துக்கும் அது எழுதும். 2006-இல் வந்த இன்ஃபார்ம் 7 ஆங்கில வாக்கியங்களைப் போன்ற நடையை ஏற்றாலும், உள்ளுக்குள் இன்ஃபார்ம் 6 ஆகவே மாற்றப்படுகிறது. எனவே இங்கு சொல்வது அதைப் பயன்படுத்துபவர்களுக்கும் ஓரளவு உதவும்.

எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு. மொழியின் கட்டளைச் சொற்களையும் பொருளின் பெயர்களையும் கணினியில் ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பை மட்டும் தமிழில் தருகிறேன். நிறுத்தற்குறிகளை அப்படியே தருகிறேன், ஏனெனில் சிக்கலில் பெரும்பங்கு அவற்றில்தான் இருக்கிறது.

சரியாக எழுதப்பட்ட பொருள் எப்படி இருக்கும்?

பிழையைத் தேடுவதற்கு முன் பிழையில்லாத வடிவத்தைக் கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். சமையலறையில் இருக்கும் ஒரு பித்தளை விளக்கை எடுத்துக்கொள்வோம். கோப்பில் அது 12-ஆம் வரியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

12  ஆப்ஜெக்ட் லேம்ப் "பித்தளை விளக்கு" கிச்சன்
13    வித் நேம் 'பிராஸ்' 'லேம்ப்' 'லான்டர்ன்',
14      பிஃபோர் [;
15        டேக்: "விளக்கு சூடாக இருக்கிறது. தொட முடியவில்லை.";
16      ],
17      டிஸ்கிரிப்ஷன் "கைபட்டுத் தேய்ந்த பழைய விளக்கு.",
18    ஹேஸ் லைட்;

12-ஆம் வரி தலைப்பு வரி. முதலில் கம்பைலருக்கான பெயர், பிறகு இரட்டை மேற்கோளுக்குள் விளையாடுபவர் காணும் பெயர், கடைசியில் இந்தப் பொருள் எதற்குள் இருக்கிறது என்பது. தலைப்பு வரியின் முடிவில் எந்தக் குறியும் இல்லை. வித் என்ற சொல்லுக்குப் பின் வருபவை பிராபர்ட்டிகள், அதாவது மதிப்பு ஏற்கும் பண்புகள். ஒரு பிராபர்ட்டியை அடுத்ததிலிருந்து பிரிப்பது காற்புள்ளி. ஆனால் ஒரே பிராபர்ட்டிக்குள் இருக்கும் பல மதிப்புகளுக்கு நடுவே இடைவெளி மட்டுமே இருக்க வேண்டும், காற்புள்ளி கூடாது. 13-ஆம் வரியில் மூன்று சொற்கள் வெறும் இடைவெளியால் பிரிந்திருப்பதைக் கவனியுங்கள். ஹேஸ் என்பதற்குப் பின் வருபவை அட்ரிபியூட்டுகள். அவையும் இடைவெளியால்தான் பிரிகின்றன. பொருள் முழுவதற்கும் ஒரே ஓர் அரைப்புள்ளி, அதுவும் 18-ஆம் வரியின் கடைசியில்.

15-ஆம் வரியிலும் அரைப்புள்ளி இருக்கிறதே என்று கேட்கலாம். அது சதுர அடைப்புக்குள் இருக்கும் ரொட்டீனுக்கு உரியது. அடைப்புக்கு உள்ளே நிரலின் இலக்கணம். வெளியே பட்டியலின் இலக்கணம். உள்ளே வாக்கியம் அரைப்புள்ளியால் முடியும், வெளியே உறுப்புகள் காற்புள்ளியால் பிரியும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், பொருள் சார்ந்த பிழைகளில் பெரும்பகுதியைச் செய்தியைப் படிக்காமலே கண்டுபிடித்துவிடலாம் என்பது என் அனுபவம்.

முதற்படி: செய்தியின் வகையைப் பாருங்கள், முதல் செய்தியை மட்டும் படியுங்கள்

கம்பைலர் மூன்று வகையாகப் பேசும். ஃபேட்டல் எரர் என்றால் அது மேற்கொண்டு படிக்கவே முடியாமல் நின்றுவிட்டது. சேர்க்கச் சொன்ன கோப்பு கிடைக்காதது இதற்கு வழக்கமான காரணம். எரர் என்றால் படித்து முடிக்கும், ஆனால் விளையாட்டுக் கோப்பை உருவாக்காது. வார்னிங் என்றால் சந்தேகத்தைச் சொல்லிவிட்டுக் கோப்பையும் உருவாக்கிவிடும். ஒவ்வொரு செய்தியிலும் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். பெரும்பாலான எரர்கள் "இது வர வேண்டிய இடத்தில் அது வந்திருக்கிறது" என்ற ஒரே வடிவத்தில் அமைந்திருக்கும்.

திரையில் இருபது செய்திகள் இருந்தாலும் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறி தவறினால் கம்பைலர் தான் எங்கே நிற்கிறது என்பதையே மறந்துவிடுகிறது. அதற்குப் பின் வருபவற்றில் பல, அந்தக் குழப்பத்தில் பிறந்த செய்திகளே. அவற்றைத் திருத்தப் புகுந்தால் சரியாக இருந்த வரிகளைக் கெடுத்துவிடுவோம். முதல் பிழையைத் திருத்தி, கோப்பைச் சேமித்து, உடனே மறுபடி கம்பைல் செய்யுங்கள். இருபது செய்திகள் இரண்டாகக் குறைவது வழக்கமாக நடப்பது.

இரண்டாம் படி: சுட்டப்பட்ட வரிக்கு மேலே பாருங்கள்

கம்பைலர் சுட்டிக்காட்டுவது தவறு நடந்த இடத்தை அன்று. தவறு தனக்குத் தெரியவந்த இடத்தை. விடுபட்ட குறி ஒன்று இருந்தால், அடுத்த சொல்லைப் படித்த பிறகுதான் அது விடுபட்டது என்று கம்பைலருக்குப் புரியும். அந்த அடுத்த சொல் அடுத்த வரியில் இருக்கலாம், அடுத்த பொருளிலும் இருக்கலாம்.

நான் தொடக்கத்தில் ஒரு மாலை முழுவதையும் இழந்தது இப்படித்தான். மேலே காட்டிய விளக்கைப் போன்ற ஒன்றில், 16-ஆம் வரியில் அடைப்புக்குப் பின் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளியை இட்டிருந்தேன். ரொட்டீன் முடிந்தால் அரைப்புள்ளி இடுவது விரல்களின் பழக்கம். தனித்து நிற்கும் ரொட்டீன்கள் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் பொருளுக்குள் அந்த அரைப்புள்ளி, பொருளையே அங்கே முடித்துவிட்டது. 17-ஆம் வரிக்கு வந்த கம்பைலர், புதிய வாக்கியம் ஒன்று தொடங்குவதாக எண்ணி, டைரக்டிவோ (ஆப்ஜெக்ட், இன்க்ளூட் போன்ற, கம்பைலருக்கான கட்டளைச் சொல்) சதுர அடைப்போ கிளாஸ் பெயரோ வர வேண்டிய இடத்தில் டிஸ்கிரிப்ஷன் வந்திருக்கிறது என்றது. நான் டிஸ்கிரிப்ஷன் என்ற சொல்லின் எழுத்துகளைச் சரிபார்த்தேன், மேற்கோள் குறிகளை எண்ணினேன், உரையையே மாற்றி எழுதினேன். 17-ஆம் வரியில் எந்தத் தவறும் இல்லை. தவறு அதற்கு மேல் வரியில் ஒரே ஒரு குறியாக இருந்தது.

ஆகவே இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டைரக்டிவை எதிர்பார்த்த இடத்தில் பிராபர்ட்டியின் பெயரைக் கண்டேன் என்று கம்பைலர் சொன்னால், மேலே எங்கோ ஓர் அரைப்புள்ளி பொருளை முன்கூட்டியே முடித்துவிட்டது என்று பொருள். பத்தில் எட்டு முறை அது ஒரு சதுர அடைப்புக்கு அருகில் இருக்கும்.

மூன்றாம் படி: நிறுத்தற்குறிகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்

இதற்கு நேர்மாறான தவறு, கடைசி அரைப்புள்ளியை விட்டுவிடுவது. 18-ஆம் வரியில் ஹேஸ் லைட் என்பதோடு நிறுத்திவிட்டு, கீழே மேசைக்கான ஆப்ஜெக்ட்டைத் தொடங்கினால், கம்பைலர் இன்னும் அட்ரிபியூட்டுகளைப் படித்துக்கொண்டிருப்பதாகவே எண்ணும். ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட அட்ரிபியூட்டின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஆப்ஜெக்ட் என்ற சொல் வந்திருக்கிறது என்று மேசையின் வரியைச் சுட்டும். மேசை குற்றமற்றது, விளக்கின் முடிவைத்தான் பார்க்க வேண்டும்.

காற்புள்ளி மிகுந்தால் கம்பைலர் தெளிவாகவே சொல்லிவிடும். இரண்டு காற்புள்ளிகள் அடுத்தடுத்து வந்தாலும், பொருளின் வரையறை காற்புள்ளியில் முடிந்தாலும், அதற்கென்றே தனிச் செய்திகள் உண்டு. ஹேஸ் பகுதியை அழித்துவிட்டு அதற்கு முந்தைய காற்புள்ளியை அப்படியே விடும்போது இரண்டாவது வகை வரும். ஹேஸ் என்பதற்கு முன்னால் காற்புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்பைலருக்கு ஒன்றுதான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் பலர் அங்கே தேவையில்லாமல் நேரத்தைச் செலவிடுகிறார்கள்.

காற்புள்ளி குறைந்தால்தான் நிலைமை கடினமாகிறது. நேம் வரியின் கடைசியில் காற்புள்ளியை விட்டு, அடுத்த வரியில் டிஸ்கிரிப்ஷன் எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கம்பைலர் டிஸ்கிரிப்ஷன் என்ற சொல்லையும் நேம் பிராபர்ட்டியின் இன்னொரு மதிப்பாக எடுத்துக்கொள்கிறது. அதைத் தொடர்ந்து வரும் இரட்டை மேற்கோள் உரையையோ அகராதிச் சொல்லாக (விளையாடுபவர் தட்டக்கூடிய சொல்லாக) சேர்த்துவிடுகிறது, ஏனெனில் நேம் பிராபர்ட்டிக்குள் இரட்டை மேற்கோள் வந்தாலும் அதை அகராதிச் சொல்லாகவே கொள்வது பழைய விதி. காற்புள்ளி விடுபட்டதா, பிராபர்ட்டியின் மதிப்புகளுக்கு நடுவே பிராபர்ட்டியின் பெயர் வந்திருக்கிறதே என்று கம்பைலர் கேட்கும். ஆனால் அதை வார்னிங்காகத்தான் கேட்கும். விளையாட்டுக் கோப்பு உருவாகிவிடும். விளக்கை உற்றுப்பார்த்தால் அதில் சிறப்பாக ஒன்றும் இல்லை என்று வரும். இந்த எச்சரிக்கையை நான் எரருக்கு மேலான எரராகவே மதிக்கிறேன்.

அடுத்தது மேற்கோள் குறிகள். ஒற்றை மேற்கோள் அகராதிச் சொல்லுக்கு, இரட்டை மேற்கோள் திரையில் அச்சாகும் உரைக்கு. ஒற்றை மேற்கோளுக்குள் ஒரே ஓர் எழுத்து இருந்தால் பொதுவாக அது சொல்லாகக் கொள்ளப்படாது, எழுத்தாகவே கொள்ளப்படும்; எனவே ஓரெழுத்துச் சொல்லை அகராதியில் சேர்க்க எழுத்துக்குப் பின் // என்று இரண்டு சாய்கோடுகள் இட வேண்டும். அகராதிச் சொல்லுக்குள் ஒற்றை மேற்கோள் குறியே தேவைப்பட்டால் ^ குறியை இட வேண்டும். இரட்டை மேற்கோள் உரைக்குள் அதே ^ குறி புதிய வரியைத் தொடங்கும், ~ குறி இரட்டை மேற்கோளாக அச்சாகும்.

மூடாமல் விட்ட இரட்டை மேற்கோளைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஒன்று இருக்கிறது. இன்ஃபார்மில் உரை பல வரிகளுக்கு நீளலாம் என்பதால், மூடப்படாத உரை அடுத்த மேற்கோள் குறி வரை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். 15-ஆம் வரியில் மூடும் குறியை விட்டால், 17-ஆம் வரியின் தொடக்கக் குறி அதை மூடிவிடும். அதற்குப் பின் உள்ள உங்கள் வருணனை வாக்கியம் நிரலாகப் படிக்கப்படும். அரைப்புள்ளி வர வேண்டிய இடத்தில் "கைபட்டுத்" வந்திருக்கிறது என்பது போல, நீங்கள் எழுதிய கதைச் சொல்லே பிழைச் செய்திக்குள் தோன்றினால், ஐயமே வேண்டாம், மேலே ஒரு மேற்கோள் மூடப்படவில்லை. சொல் செயலியிலிருந்து வெட்டி ஒட்டிய நிரலில் வளைந்த மேற்கோள் குறிகள் புகுந்திருந்தாலும் கம்பைலர் ஏற்காது. நிரலில் வரக்கூடாத எழுத்து வந்திருக்கிறது என்ற செய்தி வரும். நேர்க்குறிகளாக மாற்றினால் போதும். நிரலை எளிய எடிட்டரில் எழுதுவதே நல்லது.

நான்காம் படி: பெயர்களைச் சோதியுங்கள்

குறிகள் சரியாக இருந்தும் பிழை வந்தால் பெயர்களுக்கு வாருங்கள். விளக்குக்கு லைட் என்று பெயர் வைக்கத் தோன்றுவது இயல்பு. கதவுக்கு டோர், பெட்டிக்கு கன்டெய்னர். மூன்றுமே லைப்ரரி (விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு) ஏற்கெனவே அறிவித்துவிட்ட அட்ரிபியூட்டுகளின் பெயர்கள். அவற்றைப் பொருளின் பெயராக இட்டால், இந்தப் பெயர் அட்ரிபியூட்டாகப் புழக்கத்தில் இருக்கிறது, பொருளாகவும் பயன்படுத்த முடியாது என்று கம்பைலர் மறுக்கும். பெரிய எழுத்தில் தொடங்கி எழுதித் தப்பிக்க முடியாது, ஏனெனில் இன்ஃபார்ம் 6 பெயர்களில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்துவதில்லை. அறையின் பெயரையோ வேறொரு அடையாளத்தையோ முன்னால் சேர்த்து, கிச்சன்_லைட் என்பது போல வைப்பதே தீர்வு. எல்லாப் பொருளுக்கும் இதே முறையைக் கடைப்பிடித்தால் இந்த வகைப் பிழை மறைந்தே போகும்.

எழுத்துப் பிழைகளைப் பொறுத்தவரை, அது எந்த இடத்தில் நேர்ந்தது என்பதைப் பொறுத்துக் கம்பைலரின் போக்கு மாறுகிறது. அட்ரிபியூட்டின் பெயரில் நேர்ந்தால் உடனே எரர் வரும். வடக்கே எந்த அறை என்று சொல்லும் மதிப்பில் நேர்ந்தால், அப்படியொரு மாறிலியே இல்லை என்ற எரர் வரும். அது கம்பைல் முடியும் தறுவாயில்தான் வரும், ஏனெனில் அந்த அறை பின்னால் எங்காவது வரையறுக்கப்படலாம் என்று கம்பைலர் கடைசி வரை காத்திருக்கிறது. பிஃபோர் ரொட்டீனுக்குள் டேக் என்ற செயலின் பெயரைத் தவறாக எழுதினால், அந்தப் பெயரோடு சப் என்ற ஒட்டு சேர்ந்த ரொட்டீனைக் காணவில்லை என்று வரும். நீங்கள் எழுதவே எழுதாத ஒரு பெயரைக் கம்பைலர் கேட்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் அப்படி ஒரு ரொட்டீன் இருக்க வேண்டும் என்பது மொழியின் விதி. லைப்ரரியில் உள்ள செயலின் சரியான பெயரை எழுதினால் செய்தி போய்விடும்.

பிராபர்ட்டியின் பெயரைத் தவறாக எழுதினால் மட்டும் எந்தச் செய்தியும் வராது. புதிய பெயரைக் கண்டால், அந்தப் பொருளுக்கு மட்டும் உரிய புதிய பிராபர்ட்டி ஒன்றை நீங்கள் உருவாக்குகிறீர்கள் என்று கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. இது மொழி தரும் உண்மையான வசதி, பல பொருள்களுக்கு அவசியமும்கூட. ஆனால் டிஸ்கிரிப்ஷன் என்பதில் ஓர் எழுத்து விடுபட்டால், எரரும் இல்லை, வார்னிங்கும் இல்லை, வருணனையும் இல்லை. விளையாட்டில் ஒரு வருணனை வரவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது அந்தப் பெயரின் எழுத்துகளைத்தான்.

ஐந்தாம் படி: வரிசையைப் பாருங்கள்

பொருளின் தலைப்பு வரியில் கிச்சன் என்று எழுதியிருந்தால், கோப்பில் அதற்கு முன்பே கிச்சன் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால், ஒரு பொருள் தன்னை உள்ளடக்கிய பொருளுக்குப் பின்னால்தான் வர வேண்டும், இதுவரை இந்தப் பெயரில் பொருள் இல்லை என்று கம்பைலர் விளக்கமாகவே சொல்லும். அறையை எழுதி உடனே அதன் பொருள்களை எழுதும் வழக்கம் இருந்தால் இது நேராது. உள்ளடக்கும் பொருளின் பெயரை எழுதாமல் -> குறியை இடும் முறையும் உண்டு. அதில் பொருள் தனக்கு மேலே உள்ள அறைக்குள் தானே போய்ச் சேரும். இரண்டையும் ஒரே வரியில் கலக்காதீர்கள்.

இன்னொரு வரிசையும் முக்கியம். லைப்ரரியில் பார்சர், வெர்ப்லிப், கிராமர் என்ற மூன்று கோப்புகளை இன்க்ளூட் செய்கிறோம். பொருள்களை வெர்ப்லிப்புக்குப் பின் எழுத வேண்டும். பார்சருக்கு முன்பே எழுதிவிட்டால் லைட் முதலான அட்ரிபியூட்டுகள் எதுவுமே கம்பைலருக்குத் தெரியாது. சரியாக எழுதப்பட்ட பொருள்கள் எல்லாமே ஒரே நேரத்தில் பிழை காட்டும். எல்லாப் பொருளும் ஒருசேரப் பழுதாகத் தெரிந்தால் பொருள்களைத் தொடாதீர்கள், இன்க்ளூட் வரிகள் இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

ஆறாம் படி: சதுர அடைப்புக்குள் இருப்பதைச் சோதியுங்கள்

பொருளுக்குள் எழுதும் ரொட்டீன் [; என்று தொடங்குவதைக் கண்டு பலர் அந்த அரைப்புள்ளி தேவையற்றது என்று எண்ணி நீக்கிவிடுகிறார்கள். அடைப்புக்கும் அரைப்புள்ளிக்கும் நடுவே உள்ள இடம் உள்ளூர் மாறிகளின் பெயர்களுக்கு உரியது. அரைப்புள்ளி இல்லையென்றால் டேக் என்பதே ஒரு மாறியின் பெயர் என்று கம்பைலர் கொள்ளும். அடுத்து வரும் முக்காற்புள்ளியைக் கண்டு, உள்ளூர் மாறியின் பெயரோ அரைப்புள்ளியோ வர வேண்டும் என்று குறைகூறும்.

மூடும் அடைப்பை விட்டுவிட்டால், கீழே உள்ள பொருள்கள் எல்லாம் ரொட்டீனின் உள்ளடக்கமாகப் படிக்கப்படும். செய்திகள் மிகுதியாக வரும், நூறைத் தொட்டால் கம்பைலரே பணியை நிறுத்திவிடும். செய்திகளின் எண்ணிக்கை அச்சுறுத்தும் அளவில் இருந்தால், முதல் செய்திக்கு மேலே கடைசியாகத் திறந்த அடைப்பைத் தேடுங்கள்.

ஒப்பிட இரண்டு சமக்குறிகள் வேண்டும். ஒன்று மட்டும் இட்டால் அது மதிப்பை மாற்றிவிடும். நிபந்தனைக்குள் ஒற்றைச் சமக்குறியைக் கண்டால் கம்பைலர் வார்னிங் தரும். ஒரு வாக்கியத்தை ஒருபோதும் எட்ட முடியாது என்ற வார்னிங்கும் பயனுள்ளது. வெறும் மேற்கோள் உரை மட்டும் வாக்கியமாக நின்றால், அது அச்சிட்டுவிட்டு உண்மை என்ற மதிப்போடு ரொட்டீனையே முடித்துவிடும். அதற்குக் கீழே எழுதியது ஓடாது. மாறாக, பிரின்ட் கட்டளையால் அச்சிட்டால் ரொட்டீன் தொடரும். பொருளுக்குள் பதிந்த ரொட்டீன், வேறு எதுவும் சொல்லாவிட்டால், பொய் என்ற மதிப்போடு முடியும் என்பதால், விளக்கு சூடாக இருக்கிறது என்று அச்சிட்ட பிறகும் லைப்ரரி அதை எடுத்துக் கையில் கொடுத்துவிடும். இதற்கும் எந்தச் செய்தியும் வராது. பிரின்ட்டுக்குப் பின் ஆர்ட்ரூ என்று எழுதினால் செயல் அங்கேயே தடுக்கப்படும்.

ஏழாம் படி: இன்னும் பிடிபடவில்லையென்றால் பொருளைக் குறையுங்கள்

ஆச்சரியக்குறி இட்டால் அந்த வரியின் எஞ்சிய பகுதி குறிப்பாகிவிடும். பிஃபோர் ரொட்டீன் முழுவதையும் இப்படி மறைத்துவிட்டு கம்பைல் செய்யுங்கள். பிழை போய்விட்டால் அது உள்ளே இருந்தது. போகவில்லையென்றால் வெளியே இருக்கிறது. பிறகு எஞ்சியதில் பாதியை மறையுங்கள். பல பொருள்களை ஒரே நேரத்தில் ஒதுக்க, வரையறுக்கப்படாத ஏதாவது ஒரு பெயரை வைத்து இஃப்டெஃப், எண்டிஃப் என்ற இரண்டு டைரக்டிவுகளுக்கு நடுவே அவற்றை அடைக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒதுக்கப்பட்ட பகுதியிலும் கம்பைலர் சொற்களைப் பிரித்துப் படித்துக்கொண்டேதான் போகும் என்பதால், மூடப்படாத மேற்கோள் அங்கே இருந்தால் எண்டிஃப்பையும் அது விழுங்கிவிடும். மேற்கோள் தவறுகளுக்கு ஆச்சரியக்குறியே பாதுகாப்பானது.

இந்த வேலை பெரிதாகத் தோன்றாமல் இருக்க, புதிய பொருளைத் தலைப்பு வரியும் அரைப்புள்ளியும் மட்டும் கொண்டதாகத் தொடங்கி, கம்பைல் செய்து, ஒவ்வொரு பிராபர்ட்டியாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். கம்பைல் ஆக ஒரு நொடிகூட ஆகாது. பத்துப் பொருள்களை எழுதி முடித்த பிறகு கம்பைல் செய்வதைவிட இது விரைவானது என்பதை இரண்டு நாள் செய்துபார்த்தாலே உணர்வீர்கள்.

தமிழில் விளையாட்டு எழுதுவோருக்கு

தமிழ் உரையை நேரடியாக எழுத, கோப்பு யூடிஎஃப்-8 வடிவில் இருக்கிறது என்பதைக் கம்பைலருக்கு அதற்குரிய சுவிட்ச் வழியாகத் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் மேற்கோளுக்குள் உள்ள ஒவ்வொரு தமிழ் எழுத்தும் பல துண்டுகளாகப் படிக்கப்படும். குளக்ஸை இலக்காக வைத்து, அகராதியில் ஓர் எழுத்துக்கு நான்கு பைட் ஒதுக்கச் சொன்னால் நேம் பிராபர்ட்டியிலும் தமிழ்ச் சொற்களை இடலாம். விளையாடுபவர் தட்டும் வரியைப் படிக்கும் லைப்ரரிப் பகுதியும் யூனிகோடை ஏற்க வேண்டும்.

இங்கே ஆங்கிலத்தில் அவ்வளவாகத் தென்படாத ஒரு சிக்கல் நமக்குக் காத்திருக்கிறது. குளக்ஸ் அகராதி இயல்பாகச் சொல்லின் முதல் 9 எழுத்துக்குறிகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். தமிழில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுகின்றன. "பித்தளைக்குடம்" என்ற சொல்லில் "பித்தளைக்" என்பதோடு ஒன்பதும் தீர்ந்துவிடும். சமையலறையில் பித்தளைக்குடமும் பித்தளைக்கரண்டியும் இருந்தால் இரண்டும் ஒரே சொல்லாகப் பதிவாகும். எதைச் சொல்கிறீர்கள் என்று விளையாட்டு திரும்பத் திரும்பக் கேட்கும், என்ன தட்டினாலும் தெளியாது. அகராதிச் சொல்லின் நீளத்தைக் கம்பைலர் அமைப்பில் 20 அல்லது 30 என்று உயர்த்திவிடுங்கள். அல்லது 'பித்தளை' 'குடம்' என்று பிரித்தும் சேர்த்துவிடுங்கள். நான் இரண்டையும் செய்கிறேன், ஏனெனில் விளையாடுபவர் எப்படித் தட்டுவார் என்பது நம் கையில் இல்லை.

கடைசிப் படி: கம்பைல் ஆன பொருளை உள்ளே சென்று பாருங்கள்

எரரும் இல்லை, வார்னிங்கும் இல்லை என்றாலும் பொருள் சரியாக உருவானதா என்பது இன்னும் தெரியாது. டிபக் சுவிட்சான -டி-யை இட்டுக் கம்பைல் செய்தால், விளையாட்டுக்குள்ளேயே சில சோதனைக் கட்டளைகள் கிடைக்கும். ட்ரீ என்று தட்டினால் எந்தப் பொருள் எதற்குள் இருக்கிறது என்பது தெரியும். ஆக்‌ஷன்ஸ் என்று தட்டினால் ஒவ்வொரு கட்டளையும் எந்தச் செயலாக மாறுகிறது என்பது தெரியும். எல்லாவற்றிலும் பயனுள்ளது ஷோஆப்ஜே. ஷோஆப்ஜே லேம்ப் என்று தட்டினால், விளக்கின் அட்ரிபியூட்டுகளும் பிராபர்ட்டிகளும் பட்டியலாக வரும். அந்தப் பட்டியலைக் கோப்பில் உள்ள வரையறையோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். லைட் இல்லையென்றால் 18-ஆம் வரியில் ஹேஸ் லைட் இருக்கிறதா என்று பாருங்கள். நேம் பட்டியலில் எதிர்பாராத சொல் ஒன்று கூடுதலாக இருந்தால் 13-ஆம் வரியின் கடைசியில் காற்புள்ளி இல்லை. டிஸ்கிரிப்ஷன் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எழுத்துக் குறைந்த பெயர் நின்றால், கம்பைலர் சொல்லாமல் விட்ட பிழை அதுதான். திருத்தி, மறுபடி கம்பைல் செய்து, விளக்கை உற்றுப்பாருங்கள்.